ஆளை நிறுக்கும் கோலுக்கும் முத்திரை வேண்டும்!

(அச்சன்புதூரில் வணிகரும் உழவரும் பணியாளரும் கூடிய மன்றத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர்க் கடைத்தெருவில் ஏதேனும் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து, அங்குள்ள நிறைகோலைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். அது பழைய இருதட்டுக் கோலாயினும் சரி, எண்களை ஒளியில் காட்டும் மின்கோலாயினும் சரி, அதன்மேல் அரசின் முத்திரை இருத்தல் வேண்டும். மின்கோலாயின், ஆண்டுக்கு ஒருமுறை உரிய அலுவலரிடம் காட்டி, ஆய்ந்து, முத்திரை பெறுதல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதனைக் கடமையாக்கியுள்ளது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? கடைக்காரர் எல்லாரும் கள்வர் என்பதாலா? இல்லை! நிறுக்கும் பொறியின் உள்ளே நடப்பதைப் பொருள் கொள்ள வருபவர் பார்க்க இயலாது என்பதால்! பத்து உருபாப் பருப்புக்கும் அந்தக் காப்பு வேண்டுமென்று உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. அம்முடிவில் தமிழர் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகள் நெல்லைக் குறிக்கும்போது 'இத்தனை கலம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. 'ஆடவல்லான்' என்னும் பெயர் பூண்ட மரக்காலால் அளந்த நெல் என்றும் சொல்கின்றன. அளவு மட்டுமன்று, அளந்த கருவியும் பெயர்சுட்டிப் பதியப்பெற்றது. பின்னாளில் ஒருவன் வேறொரு மரக்காலைக் கொணர்ந்து ஏய்க்க வழியில்லை.

இன்று வணிக உலகினுள் ஒரு புதிய நிறைகோல் நுழைந்திருக்கிறது. அது பருப்பை நிறுப்பதில்லை; ஆளை நிறுக்கிறது. இவருக்குக் கடன் கொடுக்கலாமா? இவரை வேலைக்கு எடுக்கலாமா? இவருடைய காப்பீட்டுக்கு எவ்வளவு தொகை வாங்கலாம்? இம்மாணவன் தேறுவானா, மாட்டானா? இப்படி நிறுக்கிறது. அதற்குச் செய்யறிவு என்று பெயர். செயற்கை நுண்ணறிவு என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் இதனையே. இந்தக் கோலுக்கு முத்திரை உண்டா? தவறாக நிறுத்தால் யாரைக் கேட்பது? இதனைக் கையாளும் வணிகர் செய்ய வேண்டுவன எவை? இவையே இவ்வுரையின் பொருள்.

செய்யறிவு எப்படி நிறுக்கிறது?

செய்யறிவு வானத்திலிருந்து விழுந்த அறிவன்று. பழைய கணக்கைப் பார்த்துப் புதிய ஆளைப் பற்றி ஊகிக்கும் பொறி, அவ்வளவே! முன்னர்ப் பல்லாயிரம் பேர்க்குக் கொடுத்த கடன் கணக்கை அதற்குக் காட்டுகிறார்கள். திருப்பிக் கட்டியவர்களிடையே உள்ள ஒற்றுமைகளையும், கட்டாதவர்களிடையே உள்ள ஒற்றுமைகளையும் அது எண்களாக்கிக் கொள்கிறது. பின்பு புதியவர் ஒருவர் வரும்போது, அவர் எந்தக் கூட்டத்தை ஒத்திருக்கிறார் என்று கணித்து ஒரு மதிப்பெண் இடுகிறது.

இதில் உள்ள இடர் யாது? மேக்கரை அடவிநயினார் அணையின் நீரை நோக்கி நெல் விளைக்கும் உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கைக்குப் பணம் வருவது காரிலும் பிசானத்திலும், அறுவடை முடிந்த பின்னர். இடைப்பட்ட திங்கள்களில் அவருடைய வைப்பகக் கணக்கு வறண்டு கிடக்கும். திங்கள்தோறும் சம்பளம் வாங்கும் நகரத்தாரின் கணக்குகளை மட்டுமே பார்த்துப் பழகிய பொறி, இவ்வுழவரை 'நிலையான வருவாயில்லாதவர்' என்று ஒதுக்கிவிடும். அவர் நாணயமானவர் என்பது ஊருக்குத் தெரியும், பொறிக்குத் தெரியாது. கைபேசியில் வேண்டுகை அனுப்பிய சில நொடியில் 'இயலாது' என்று வந்துவிடும். ஏன் என்று கேட்க ஆளில்லை. அலுவலகத்தில் இருப்பவரைக் கேட்டால், "கணிப்பொறி அப்படிச் சொல்கிறது" என்பார். இந்த ஒரு சொற்றொடரே இற்றை வணிக உலகின் பெருங்கேடு!

நடந்த கேடுகள்

இது வெறும் அச்சமன்று, நடந்தவை உண்டு. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் வேலைக்கு ஆள் தெரிவு செய்வதற்கு ஒரு செய்யறிவுப் பொறியை உருவாக்கியது. பத்தாண்டுக் காலம் வந்த வேண்டுகைகளைக் காட்டி அதனைப் பழக்கினர். அவற்றுள் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. எனவே, பெண்கள் என்பதைக் குறிக்கும் சொல் வேண்டுகையில் வந்தாலே அப்பொறி மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. பொறி பெண்களை வெறுத்ததா? இல்லை. பழைய உலகின் கோணலைப் படித்து, அதனையே புதிய உலகின் நேர்மை என்று திருப்பிச் சொன்னது.

தெலங்கானாவில் ஏறத்தாழ 19 இலக்கம் உணவுப் பங்கீட்டு அட்டைகள் கணிப்பொறி செய்த ஒப்பீட்டின் அடிப்படையில் நீக்கப்பெற்றன என்ற வழக்கு உச்ச நயன்மன்றம் வரை சென்றது. நேரில் சென்று சரிபார்க்குமாறு 2022 ஏப்பிரலில் அம்மன்றம் ஆணையிட்டது. வீட்டு வாயிலில் நின்று 'அடுப்பெரிகிறதா?' என்று கேட்டுத் தெளிய வேண்டிய ஒன்றை, எங்கோ இருந்த பொறி முடிவு செய்ததன் விளைவு அது.

மூன்றாவது நிகழ்ச்சி வணிகர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்த வேண்டியது. கனடாவில் வான்பயண நிறுவனம் ஒன்று தன் இணையத்தளத்தில் மறுமொழி சொல்லும் பொறியை வைத்திருந்தது. உறவினரை இழந்த பயணி ஒருவர் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். பொறி தவறான மறுமொழி சொல்லிற்று. அதனை நம்பிப் பயணம் செய்தவர் பின்னர்ச் சலுகையைக் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. வழக்கில் அந்நிறுவனம் சொன்ன மறுப்பு வியப்புக்குரியது: பொறி சொன்னதற்குப் பொறியே பொறுப்பு என்பது போன்ற வாதம் அது! 2024 பிப்பிரவரியில் பிரிட்டிசு கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதனை ஏற்கவில்லை. தன் தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி, இழப்பீடு தரச் செய்தது. தொகை சிறிது, தீர்ப்பு பெரிது. அறிவை இரவல் வாங்கலாம். பொறுப்பை இரவல் கொடுக்க முடியாது!

சட்டங்கள் சொல்வதென்ன?

ஐரோப்பிய ஒன்றியம் செய்யறிவுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. 2024 ஆகத்து 1-ஆம் நாள் அது செயலுக்கு வந்தது. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைப்படுத்தப்பெறும் வகையில் அமைந்தவை. 2025 பிப்பிரவரி 2 முதல் சில செயல்கள் அடியோடு தடை செய்யப்பெற்றன. மக்களின் நடத்தைக்கு மதிப்பெண் இட்டு அவர்களை ஒதுக்குவதும், பணியிடத்திலும் பள்ளியிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அளப்பதும் அவற்றுட் சில. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ வரை, அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 7 விழுக்காடு வரை, இவற்றுள் எது மிகுதியோ அது தண்டம். சிறு நிறுவனமாயின், எது குறைவோ அது.

இச்சட்டத்தில் தமிழக வணிகர் கற்க வேண்டுவன இரண்டு. ஒன்று, எல்லாப் பொறிகளையும் அது ஒரே தட்டில் வைக்கவில்லை. கேட்டின் அளவுக்கேற்பக் கட்டுப்பாட்டின் அளவை வகுத்துள்ளது. வேலைக்கு ஆள் எடுத்தல், கடன் தகுதி அளத்தல், கல்வியில் தேர்வு செய்தல் போன்றவற்றை உயரிடர் வகையில் வைத்து, மாந்தக் கண்காணிப்பையும் பதிவேட்டையும் கடமையாக்குகிறது. இரண்டு, பொறியை உருவாக்குபவருக்கு மட்டுமன்று, அதனை வாங்கித் தம் தொழிலில் கையாள்பவருக்கும் தனிக் கடமைகள் உண்டு. 'விற்றவனைக் கேள்' என்று கையைக் கழுவ முடியாது.

'ஐரோப்பியச் சட்டம் அச்சன்புதூருக்கு எதற்கு?' என்று கேட்கலாம். இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள மத்தளம்பாறையில் சோகோ நிறுவனத்தின் மென்பொருட் பணிமனை இயங்குகிறது. 2011 முதல் தென்காசி வட்டாரத்தில் அந்நிறுவனம் கால்கொண்டுள்ளது. குற்றாலச் சாரல் விழும் மண்ணில் எழுதப்பெறும் மென்பொருள் உலகெங்கும் விற்கப்பெறுகிறது. ஒரு பொறியின் விளைவு ஐரோப்பாவில் பயன்படுமானால், அதனைச் செய்தவர் எந்நாட்டில் இருந்தாலும் அச்சட்டம் அவரைத் தொடும். நாளை இவ்வூர் இளைஞர் ஐவர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கி ஐரோப்பியர்க்குப் பொறி விற்பார்களாயின், அவர்களையும் தொடும்.

இந்தியாவின் நிலை வேறு. செய்யறிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றாமல், உள்ள சட்டங்களைக் கொண்டே நடத்துவதென்ற போக்கில் நடுவண் அரசு 2025 நவம்பர் 5-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. ஏழு கோட்பாடுகள் அதன் அடிப்படை. நெறிமுறை, சட்டமன்று, ஆயினும் சட்டங்கள் இல்லாமலில்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னியல் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் உள்ளது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்றன; முதன்மைக் கடமைகளுக்குப் பதினெட்டுத் திங்கள் தவணை தரப்பெற்றது. ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுப்பதற்கு அவரைப் பற்றிய தரவு பயன்படக் கூடுமாயின், அத்தரவு முழுமையாகவும் சரியாகவும் முரணின்றியும் இருப்பதை உறுதி செய்வது நிறுவனத்தின் கடமை என்கிறது அச்சட்டம். தரவைக் காக்கத் தவறினால் தண்டம் 250 கோடி உருபா வரை செல்லும். பொறி செய்த பொய்ப்படத்துக்கும் பொய்க்குரலுக்கும் அடையாளம் இடவேண்டும் என்னும் விதி 2026 பிப்பிரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

தமிழ்நாடு இதில் முன்னே நடந்தது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 2020-லேயே, பாதுகாப்பும் அறமும் சார்ந்த செய்யறிவுக் கொள்கை ஒன்றைத் தமிழ்நாட்டரசு வெளியிட்டது. ஒளிவின்மையும் தணிக்கையும், பொறுப்புடைமை, தீய பயன்பாட்டினின்று காப்பு, மின்னியல் ஏற்றத்தாழ்வும் தரவுக் குறையும், அறம், நடுநிலை ஆகிய ஆறு முனைகளில் பொறிகளை மதிப்பிட வேண்டும் என்றது அக்கொள்கை. மக்களிடையே பயன்படுத்துமுன் பொறிக்கு மதிப்பெண் இடும் முறையையும் வகுத்தது. அரசு கையாளும் பொறிகளுக்காக எழுந்ததாயினும், அவ்வாறு கேள்விகளும் எந்த வணிகரும் தம் பொறியைப் பார்த்துக் கேட்கத்தக்கவையே.

நடைமுறைக்கு ஆறு செயல்கள்

சட்டம் தாளில் கிடந்து பயனில்லை. ஓர் ஊர் வணிகர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும்? நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். ஆறு செயல்கள்.

முதற்செயல், பட்டியல். தம் தொழிலில் எங்கெங்கே செய்யறிவு புகுந்திருக்கிறது என்று எழுதுதல். பலர்க்கு இதுவே தெரியாது. கணக்கு மென்பொருளுக்குள், கைபேசிச் செயலிக்குள், விளம்பரம் செய்து தரும் தளத்துக்குள் அது ஒளிந்திருக்கும். பொறியின் பெயர், விற்றவர், வாங்கிய நாள், எதற்குப் பயன்படுகிறது, யாரைப் பற்றிய தரவு அதற்குள் போகிறது: ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். 'ஆடவல்லான்' மரக்காலைப் பெயர்சுட்டிப் பதிந்தார்களே, அதே வேலைதான் இது.

இரண்டாம் செயல், பிரித்தல். அரிசி ஆலையில் நிறம் பார்த்துக் கருப்பரிசி பொறுக்கும் பொறி உண்டு. அது தவறினால் ஒரு கைப்பிடி நல்லரிசி வீணாகும். அதற்குப் பெருங்கட்டுப்பாடு எதுவும் வேண்டா. ஆளைப் பொறுக்கும் பொறி தவறினால் ஒரு குடும்பம் வீணாகும். அரிசியைப் பொறுக்குவதா, ஆளைப் பொறுக்குவதா? இந்த ஒரு வினா போதும்; எந்தப் பொறிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது தெளிந்துவிடும். கடன் கொடுப்போர், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர், பயிற்சிக் கூடம் நடத்துவோர், மருத்துவமனை நடத்துவோர் ஆகியோர் மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டியவர்கள்.

மூன்றாம் செயல், ஆய்வு. பொறியை வாங்குமுன் அதனை இவ்வூர்க் கல்லால் எடைபோட்டுப் பார்த்தல். முடிவு முன்பே தெரிந்த பழைய கணக்குகள் இருபதைப் பொறிக்குக் கொடுத்துப் பாருங்கள். நேர்மையாகக் கட்டியவரைப் பொறி கழிக்கிறதா? பெயரை மட்டும் மாற்றுங்கள்; ஆணைப் பெண்ணாக்குங்கள்; ஊரை மாற்றுங்கள்; சமயத்தைக் காட்டும் பெயரை மாற்றுங்கள். பிற எல்லாம் ஒன்றாக இருக்க, மதிப்பெண் மாறுகிறதா? மாறினால் அந்தக் கோல் கோணற்கோல். பேச்சைக் கேட்கும் பொறியாயின், நெல்லை வழக்கில் பேசும் முதியவர் ஒருவரைப் பேசவிட்டுப் பாருங்கள். அது தடுமாறினால் அவரைப் போன்றார்க்கு ஆளை அமர்த்துங்கள். ஒருமுறை ஆய்ந்தது போதாது. மின்கோலைப் போலவே ஆண்டுக்கு ஒருமுறையேனும், விற்றவர் பொறியை மாற்றிய பொழுதெல்லாமும் மீண்டும் ஆய்தல் வேண்டும்.

நான்காம் செயல், பொறுப்பாளர். பொறியின் முடிவை மாற்றும் உரிமையுள்ள ஆள் ஒருவரின் பெயர் எழுதப்பெற்றிருக்க வேண்டும். பொறி சொன்னதன் கீழ்க் கையெழுத்து மட்டும் இடுபவர் பொறுப்பாளர் அல்லர். அவர்க்கு நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும், 'பொறி தவறு' என்று சொல்லும் துணிவும், அதற்காகத் தண்டிக்கப்படார் என்னும் உறுதியும் வேண்டும். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டுப் பாண்டியன் கோவலனைக் கொல்லப் பணித்தான். கோவலனைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. வந்த சொல் விரைவாக வந்தது, நம்பத்தக்க இடத்திலிருந்து வந்தது என்பதற்காக ஆராய்ச்சியை விட்டவன் அரசனாயினும் அறம் அவனை விடவில்லை என்பதே சிலப்பதிகாரம் தரும் பாடம். பொறியின் சொல்லும் விரைவாகவே வருகிறது!

ஐந்தாம் செயல், அறிவித்தல். வாடிக்கையாளரிடம் பேசுவது ஆளா பொறியா என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல். அவருடைய வேண்டுகையைப் பொறி மதிப்பிடுகிறது என்றால் அதனைச் சொல்லுதல். மறுத்தால் கரணியத்தைச் சொல்லி, மறு ஆய்வுக்கு யாரிடம் போகலாம் என்பதையும் சொல்லுதல். விளம்பரத்தில் வரும் முகமோ குரலோ பொறி செய்ததாயின் அதனை அடையாளமிட்டுக் காட்டுதல். புகழ்பெற்ற ஒருவரின் குரலை அவர் இசைவின்றிச் செய்து விளம்பரம் போடுதல் களவு. அதனை நினைக்கவும் வேண்டா.

ஆறாம் செயல், தரவுக் காப்பும் ஒப்பந்தமும். தேவையான தரவை மட்டும் வாங்குதல். தேவை முடிந்ததும் அழித்தல். நகைக்கடன் கேட்பவரின் கைபேசித் தொடர்பெண்கள் அனைத்தும் எதற்கு? பதினெட்டு அகவைக்குக் கீழ்ப்பட்டோரின் தரவாயின், பெற்றோர் இசைவைச் சரிபார்த்துப் பெறவேண்டும் என்பது சட்டம். பயிற்சிக் கூடங்கள் இதனைக் குறித்துக் கொள்க. வாடிக்கையாளரின் தாள்களை அப்படியே படமெடுத்து, கட்டணமில்லாப் பொறி ஒன்றினுள் இட்டுச் 'சுருக்கிக் கொடு' என்று கேட்கும் பழக்கம் பரவி வருகிறது. அத்தாள்கள் எங்கே போகின்றன என்பதை அறியாமல் அதனைச் செய்தல் ஆகாது. பொறி விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: தரவு எங்கே வைக்கப்படும்? வேறு பொறிகளைப் பழக்க அது பயன்படுமா? தவறு நேர்ந்தால் யார் ஈடு செய்வது? மறுமொழி எழுத்தில் வரவில்லையென்றால், அந்தப் பொறி வேண்டா.

சில மறுப்புகள்

'சிறுவணிகர் தலையில் இத்தனைச் சுமையா?' என்று கேட்பார் உண்டு. கேள்வி நேர்மையானது. கட்டுப்பாடு மிகுந்தால் பெருநிறுவனங்கள் சட்ட வல்லுநரை அமர்த்தித் தப்பிக்கும்; சிறியவர் கடையை மூடுவர். ஐரோப்பியரும் இதனை உணர்ந்துள்ளனர். உயரிடர்ப் பொறிகளுக்கான காலக்கெடுவைத் தள்ளிவைக்கும் முன்மொழிவை அவர்களுடைய ஆணையமே 2025 நவம்பரில் வைத்தது. ஆகவேதான் பிரித்தல் என்னும் இரண்டாம் செயல் இன்றியமையாதது. அரிசி பொறுக்கும் பொறிக்கு ஒரு வரி. ஆளைப் பொறுக்கும் பொறிக்கு ஒரு பக்கம். இதற்குமேல் சிறுவணிகரிடம் கேட்பது முறையன்று. எஞ்சிய சுமை பொறியை உருவாக்கி விற்கும் பெருநிறுவனத்தின் தோளில் விழ வேண்டும். அதனைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

'தனிச் சட்டம் இல்லையே, எதற்கு இப்பொழுதே?' என்பார் வேறு சிலர். பொறி எடுத்த முடிவுக்குக் கரணியம் கேட்கும் உரிமையை இந்தியச் சட்டம் இன்னும் வெளிப்படையாகத் தரவில்லை என்பது உண்மை. அது குறையே, அதனைக் கேட்டுப் பெறவேண்டும். ஆனால், சட்டம் வரும்வரை வஞ்சனை அறமாகிவிடுமா? மேலும், வழக்கு வரும் நாளில் பதிவேடு வைத்திருந்த வணிகர் அதனைக் காட்டி நிமிர்ந்து நிற்பார். வைத்திராதவர் 'கணிப்பொறி சொல்லிற்று' என்பார். கனடாவில் அந்த மறுமொழி செல்லவில்லை. தென்காசியில் செல்லும் என்று எப்படி நம்புவது?

தமிழில் இல்லாத அறிவிப்பு அறிவிப்பாகுமா?

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று. மேலே சொன்ன ஆறு செயல்களும் எந்த மொழியில் நடக்கும்?

இசைவு என்பது அறிந்து கொடுப்பது. அறியாத மொழியில் நாற்பது பக்கத்தைக் கைபேசியில் ஓடவிட்டு, அடியில் உள்ள கட்டத்தைத் தொடச் செய்வது இசைவன்று, ஏய்ப்பு. இதில் சட்டமே மக்கள் பக்கம் நிற்கிறது என்பது பலர்க்குத் தெரியாது. 2023-ஆம் ஆண்டுத் தரவுக் காப்புச் சட்டத்தின்படி, இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரவுக்குரியவர்க்கு நிறுவனம் அளித்தாக வேண்டும். தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. கடன் வாங்குவோர்க்குத் தரப்பெறும் முதன்மைச் செய்திக் குறிப்பு, கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். அதனை விளக்கிச் சொல்லி ஒப்புகை பெறவேண்டும் என்று இரிசர்வு வங்கி 2024 ஏப்பிரலில் ஆணையிட்டுள்ளது. வட்டி எவ்வளவு, பிற கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அக்குறிப்பில் இருக்க வேண்டும்.

உரிமை இருக்கிறது. கேட்பவர் எங்கே? ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறும் வரை அவ்வுரிமை உறங்கிக்கொண்டே இருக்கும். இவ்வூர்க்கு அண்மையில் உள்ள செங்கோட்டையை எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் இருந்த அப்பகுதி, மொழிவழி மாநில அமைப்பின்போது, 1956 நவம்பர் 1-இல் தமிழ் நிலத்தோடு இணைந்தது. தம்மை ஆள்வோர் எழுதும் தாளைத் தம் மொழியில் படிக்கும் உரிமையின் அருமை இவ்வட்டாரத்தார்க்குப் பாட்டனார் காலத்திலிருந்தே தெரியும். அன்று தாளை எழுதியவர் அரசு அலுவலர். இன்று எழுதுவது பொறி. தாள் மாறவில்லை, தமிழில் தா என்னும் உரிமையும் மாறக்கூடாது.

ஆகவே வணிகர்கள் செய்ய வேண்டுவது, பதிவேட்டையும் அறிவிப்பையும் நல்ல தமிழில், எளிய தமிழில், பெரிய எழுத்தில் வைப்பது. 'இங்கே கடன் வேண்டுகைகளைப் பொறி முதலில் பார்க்கிறது. முடிவு செய்பவர் ஆள். மறுத்தால் கரணியம் கேட்கலாம்' என்று மூன்று வரி எழுதிக் கடைவாயிலில் மாட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு பலகையும் சிறிது வண்ணமும் போதும். மக்கள் செய்ய வேண்டுவது, கையெழுத்திடுமுன் ஒரே ஒரு சொற்றொடர் சொல்வது: "தமிழில் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன்." கல்லாதவரும் சொல்லலாம், "தமிழில் படித்துக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். இளைஞர் செய்ய வேண்டுவது, மாலை வேளையில் ஒரு மணி நேரம் மன்றத்தில் அமர்ந்து, ஊராரின் தாள்களைப் படித்துச் சொல்வதும், மறுக்கப்பட்டவர்க்கு மறு ஆய்வு வேண்டுகை எழுதித் தருவதும்.

நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் துலாக்கோலையே எடுத்தாண்டார். முதலில் தான் நேராக நின்று, பின்பு பொருளை நிறுப்பது கோலின் இயல்பு. ஆளை நிறுக்க வந்திருக்கும் இந்தப் புதிய கோலும் முதலில் நேராக நிற்கட்டும். அது நேராக நிற்கிறதா என்று பார்க்கும் கண் வணிகருடையதாகவும், கேட்கும் வாய் மக்களுடையதாகவும், இரண்டுக்கும் இடைநிற்கும் மொழி தமிழாகவும் இருக்கட்டும். முத்திரை இல்லாத எடைக்கல்லைக் கடையில் வைக்க ஒப்பாத ஊர், பொறுப்பாளர் பெயரில்லாத பொறியையும் வைக்க ஒப்பாதிருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க அறவழி வணிகம்!